சாவியையும் கொடுத்தீர்களா?

வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது பற்றி வந்த கேள்விகளும், ஒரு சங்கத்தை நடத்திய என் பதில்களும்.

மாதர் சங்கத் தலைவி, கிளிநொச்சி: மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அரைத்து விற்கிறோம். 14 பேர் இருக்கிறோம். செத்தல் மிளகாய் வாங்குவது தொடக்கம் கடைகளில் காசு வாங்குவது வரை நான்தான் ஓடுகிறேன். யாரிடமாவது கொடுத்தால், "அக்கா, இதுக்கு என்ன செய்ய?" என்று பத்துத்தரம் போன் வருகிறது. நானே செய்வது சுகம் போலிருக்கிறது.

தங்கச்சி, அந்தப் பத்துப் போனையும் ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதி வையுங்கள். பாதிக்கு மேல் "வாங்கட்டா, விடட்டா" என்ற கேள்வியாகத்தான் இருக்கும். அவர்களுக்கு வேலை தெரியாமலில்லை. முடிவு யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

நானும் இதே பிழையை விட்டிருக்கிறேன். எங்கள் சங்கத்தில் கொள்வனவை ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்தேன். காசுப்பெட்டிச் சாவி மட்டும் என்னிடம். சந்தையில் விலை கொஞ்சம் ஏறியிருந்தது. என்னைக் கேட்கவென்று அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். மறுபடி போவதற்குள் நல்ல மிளகாய் முடிந்துவிட்டது. அன்று அவளைத்தான் ஏசினேன். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

அதனால் வேலையோடு ஒரு எல்லையையும் கொடுங்கள்: "கிலோ இந்த விலை வரை நீயே முடிவெடு, அதற்கு மேலே போனால் மட்டும் எனக்குப் போன் அடி." தரத்தையும் வாயால் சொல்லாதீர்கள், கையில் காட்டுங்கள். காய்ந்த மிளகாய் மடித்தால் சத்தத்தோடு உடையும். வளைந்தால் உள்ளே ஈரம், தூள் கட்டிபடும், பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு தரம் பக்கத்தில் நின்று செய்ய விடுங்கள், மூன்றாம் தரம் சந்தைக்கு நீங்கள் போகவே வேண்டாம். உறுப்பினர்களுக்கு மாதக் கணக்குக் காட்டுவதையும் உள்ளே வரும் பிணக்கைத் தீர்ப்பதையும் மட்டும் யாரிடமும் தள்ளிவிடாதீர்கள். அது தலைவியின் வேலை.

கமக்காரர் அமைப்புச் செயலாளர், முல்லைத்தீவு: காலபோகத்துக்கு (மழைக்கால நெல்லுக்கு) முன் வாய்க்காலைத் துப்புரவாக்கச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மழை தொடங்கும்போது பார்த்தால் பாதி புல்லாகவே கிடக்கிறது.

"எல்லோரும் வடிவாகச் செய்வோம்" என்பது இலக்கில்லை. எட்வின் லொக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இலேயே எழுதியது இதுதான்: முடிந்தளவு செய் என்று சொல்வதைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கைக் கொடுத்தால் மனிதர் கூடுதலாகச் செய்வார்கள். குற்றி அடித்து இலக்கம் போடுங்கள். இந்தக் குற்றியிலிருந்து அந்தக் குற்றி வரை இன்னாருடையது, புரட்டாதி கடைசி ஞாயிறுக்குள், புல் வேரோடு, அள்ளிய மண் கரைக்கு மேலே. அப்புறம் யாருடைய துண்டு மிச்சம் என்று ஊரே பார்க்கும்.

அளவை மட்டும் ஆசைக்குக் குறிக்காதீர்கள். கோடையில் வரும் சிறுபோகத்துக்கு ஏக்கர் தீர்மானிக்கிறபோது இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தானே கூட்டத்தில் முடிவெடுக்கிறோம்? ஆட்கணக்கையும் அப்படியே பாருங்கள். ஆளில்லாத வீட்டுக்கும் வயதானவர்களுக்கும் துண்டைக் குறையுங்கள், அதையும் கூட்டத்திலேயே எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடுங்கள்.

கூட்டுறவுக் கடை முகாமையாளர், வவுனியா: எனக்கு 27 வயது. களஞ்சியம் பார்க்கும் ஐயாவுக்கு என் அப்பாவின் வயது. வேலை சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மரியாதை பேச்சில் இருக்கட்டும், வேலையை மட்டும் மழுப்பாதீர்கள். கடையில் ஆட்கள் நிற்கும்போது சொல்ல வேண்டாம். காலையில் தேத்தண்ணி நேரத்தில், "ஐயா, அரிசி மூட்டையில் வண்டு விழாமலிருக்க என்ன செய்யலாம், எப்பவுக்குள் முடிக்கலாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாளை அவர் முன்னாலேயே கலண்டரில் குறியுங்கள். தானே சொன்ன நாளை அவர் விடமாட்டார்.

இளைஞர் விளையாட்டுக் கழகத் தலைவர், மாங்குளம்: போட்டி ஏற்பாட்டை ஒரு தம்பியிடம் கொடுத்தேன், பந்தல்காரருக்குச் சொல்ல மறந்துவிட்டான். இனி நானே செய்யவா?

வேண்டாம். அவனைக் கூப்பிட்டு, எந்த நாளில் எது செய்ய வேண்டியிருந்தது என்று அவன் கையாலேயே எழுத வையுங்கள். அடுத்த போட்டியையும் அவனிடமே கொடுங்கள். போட்டிக்குப் பத்து நாள் முன்னதாக ஒரே ஒரு தரம் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள், சரி.