முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் இடுப்பு வலியா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை உண்டு. 3 வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள்; ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறார். அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்களாம். "சிசேரியனுக்குப் போட்ட ஊசி இன்னமும் இடுப்பைப் பிடிக்குது" என்று சித்தி பயமுறுத்துகிறார். முழு மயக்கமே கேட்கலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அந்த ஊசியைவிட, அம்மா சாப்பிடும், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல்தான் எனக்குக் கவலை.

முதலில் சித்தியின் இடுப்பு. தண்டுவடம் பெரும்பாலானவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்போடு முடிந்துவிடும். ஊசி அதற்கும் கீழே, 3-4 அல்லது 4-5 எலும்புகளுக்கு இடையே இறங்குகிறது. 25 கேஜ் ஊசியின் கனம் அரை மில்லிமீட்டர்தான். குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்பு வலிக்குக் காரணம் கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்களும் குனிந்து நிமிர்ந்து குழந்தை தூக்குவதும். இந்த ஊசியே போடாதவர்களுக்கும் அது வருகிறது.

குளோபிடோக்ரெலை நிறுத்தாமல் ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். அரிதுதான், ஆனால் கால் செயலிழந்துவிடும். வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துவோம். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதய மருத்துவரிடம் எழுதி வாங்கி மயக்கவியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறுத்தவே கூடாது என்றால் முழு மயக்கம்தான் சரி, அதில் தப்பில்லை.

சர்க்கரை மாத்திரைப் பட்டையையும் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்றிருந்தால் மருத்துவரிடம் சொல்லி 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். இதைச் சொல்ல மறப்பவர்கள் நிறைய.

இட்லி போன்ற உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரத்துக்கு 8, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் சேர்த்த காபி சாப்பாட்டுக் கணக்கு. "ஒரு வாய்தானே" என்று விடிகாலையில் குடித்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் அடங்கும் தலைவலி ஓரிரு நாளில் வரலாம். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் ஊசித் துளை வழியே கசிவதுதான் காரணம். இது இளவயதுப் பெண்களுக்கே அதிகம். தலையணை இல்லாமல் நாள் முழுக்க மல்லாந்து கிடந்தால் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. பென்சில் முனை ஊசி போட்டால் வாய்ப்பு குறையும், கேட்டுப் பாருங்கள்.

மரப்பு 2-3 மணி நேரத்தில் விலகும்போது வலி சட்டென்று ஏறும். பொறுத்துக்கொண்டிருக்காமல், கால் விரல் அசையத் தொடங்கியதுமே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். தொடையில் தனியாக ஒரு நரம்பு பிளாக் (அந்த நரம்பை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி) போட்டால் தசை அதிகம் தளராமல் வலி குறையும், நடக்கவும் முடியும். பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. டிராமடால் கூட்டு மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் டைக்ளோஃபெனாக் வலி மருந்து வேண்டாம்.

மரப்பு விட்ட பிறகு கால் மறுபடி மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். அழுத்தும் ரத்தக்கட்டியை, அறிகுறி தொடங்கிய 8 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் கால் மீளும் வாய்ப்பு அதிகம்.