சரணம் மறக்கட்டும், தெருமுனையில் நின்றதைச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வு பெற்ற பிறகு பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் பாடமான கீர்த்தனையின் சரணம் இந்த வாரம் வருவதில்லை. கேனரி என்ற பறவைக்கு வருடா வருடம் மூளையில் புது செல் முளைத்துப் புதுப் பாட்டு வருமாம், பழைய செல் செத்தால் பழைய பாட்டு போய்விடுமாம், மனிதர்களுக்கு அந்த வளர்ச்சி நின்றுவிடுமாம் என்று இன்டர்நெட்டில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. என் அம்மாவுக்கு 78 வயதில் மறதி நோய் வந்தது. மூளை செல் வளர்வதற்கு ஒரு காளான் பவுடர் வாங்கிச் சாப்பிடுகிறேன். கண்ணாடி, சாவி வைத்த இடம் மறக்கிறது. தெரிந்தவர்கள் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. போன மாதம் காய்கறி வாங்கித் திரும்பும்போது எங்கள் தெருமுனையில் எந்தப் பக்கம் போவதென்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். அரிப்புக்கு வாங்கிய பழைய அலர்ஜி மாத்திரையில் நல்ல தூக்கம் வருவதால் தினமும் ராத்திரி ஒன்று போட்டுக்கொள்கிறேன். எனக்கும் அம்மா மாதிரி ஆகிவிடுமா?

பதில்:

சரணத்தை விடுங்கள் அம்மா. கண்ணாடி, சாவி, வாயில் வராத பெயர், இவற்றையும் விடுங்கள். அறுபது வயதில் ஒரு கீர்த்தனை ஒரே வாரத்தில் நிற்கவில்லை என்றால் இன்னும் நான்கு முறை பாட வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வரியில் தெருமுனையில் நின்றதைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் அதுதான். வருடக்கணக்காக நடந்து பழகிய இடத்தில் திசை தெரியாமல் நிற்பது, சாவியைத் தேடுவது மாதிரி இல்லை. உடனே அம்மாவின் நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய காரணங்கள் உங்கள் மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கின்றன.

முதலில் அந்த ராத்திரி மாத்திரை. பெனிரமின், குளோர்பெனிரமின் வகையைச் சேர்ந்த பழைய அலர்ஜி மாத்திரைகள் தூக்கத்தைத் தருவதோடு மூளையில் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையையும் தடுக்கின்றன. ஞாபகத்துக்கு அந்த ரசாயனம் வேண்டும். மறதி நோய்க்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் டோனிபெசில் அதைக் கூட்டத்தான், நீங்களோ எதிர்ப்பக்கம் இழுக்கும் மாத்திரையை யாரும் எழுதித் தராமல் தினமும் போட்டுக்கொண்டு, செல் வளர இன்னொரு பக்கம் பவுடரும் சாப்பிடுகிறீர்கள். கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பதற்காக இந்த மாத்திரையைத் தூக்க மாத்திரையாக ஆக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. வயது ஏற ஏற இது குழப்பம், தள்ளாட்டம், மறதி எல்லாவற்றையும் கொண்டுவரும். இன்றைக்கே நிறுத்துங்கள். சில நாள் தூக்கம் சரியாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். அரிப்பு திரும்பி வந்தால் மயக்கம் தராத வேறு மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சர்க்கரை. அன்றைக்குக் கடைக்குப் போனபோது சாப்பிட்டிருந்தீர்களா? கிளிமிபிரைடு போட்டுவிட்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும், இறங்கினால் வியர்வை, படபடப்பு, கூடவே சில நிமிடம் எதுவும் புரியாத நிலை வரும். அப்படி ஒரு நேரத்தில் சொந்தத் தெருவே புதுத் தெருவாகத் தெரியலாம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைவதும் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான், அது குறைந்தாலும் ஞாபகம் தடுமாறும். இதைப் படித்துவிட்டு சர்க்கரை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, கேனரிக்கு வருவோம். உங்களைப் பயமுறுத்தியது அதுதானே. பறவை விஷயத்தில் நீங்கள் படித்ததில் பாதி உண்மை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபெர்னாண்டோ நாட்டபோம், கேனரியின் மூளையில் பாட்டுக்கான பகுதிகள் வசந்த காலத்தில் பெருத்தும் இலையுதிர் காலத்தில் சிறுத்தும் இருப்பதை 1981-ல் எழுதினார். 1983-ல் அவரும் ஸ்டீவன் கோல்ட்மேனும் வளர்ந்த பெண் கேனரிகளின் ஹெச்.வி.சி. என்ற பாட்டுப் பகுதியில் புது நரம்பு செல்கள் சேர்வதைக் காட்டினார்கள். வளர்ந்த மூளையில் புது செல் வராது என்பது பாடப்புத்தகத்தில் கல்லில் வெட்டின மாதிரி இருந்த காலம் அது. அடுத்த வருடமே, அந்தப் புது செல்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, சத்தம் கேட்டால் பதில் கொடுக்கின்றன என்பதும் தெரிந்தது. ஆண் கேனரி இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பாட்டில் தடுமாறும், சில துண்டுகளை விட்டுவிட்டுப் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டு அடுத்த வசந்தத்தில் மறுபடி உறுதியாகப் பாடும். செல்கள் மாறும் காலமும் பாட்டு மாறும் காலமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

ஆனால் 'செல் போனால் பாட்டு போகும்' என்று எழுதியவர் ஜீப்ரா ஃபின்ச் என்கிற வரிக்குருவியைப் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அந்தச் சின்னப் பறவையில் ஆண் குஞ்சு, பெரும்பாலும் அப்பாவிடமிருந்து, பிறந்த மூன்று மாதத்துக்குள் ஒரே ஒரு பாட்டைக் கற்றுக்கொள்ளும். அப்புறம் சாகும்வரை அதே பாட்டுதான். அதன் ஹெச்.வி.சி.யிலும் வளர்ந்த பிறகு புது செல்கள் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன! செல்கள் மாறுகின்றன, பாட்டு அப்படியே நிற்கிறது. எத்தனை அழகான விஷயம் இது, இதைப் போய் பயமுறுத்தும் கதையாக்கிவிட்டார்களே.

மனிதர்களுக்கு நின்றுவிடுமா என்றால், அதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. 1998-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பீட்டர் எரிக்சன் குழு, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் பெரியவர்களுக்கும் புது செல் பிறக்கிறது என்றது. 2018-ல் அப்படி எதுவும் தென்படவில்லை என்று இன்னொரு குழு சொன்னது, அதை வழிநடத்தியவர்களில் ஒருவரான ஆர்ட்டுரோ அல்வாரெஸ்-புய்யா, நாட்டபோமிடம் கேனரி மூளையைப் படித்து வளர்ந்தவர். மறு வருடமே ஸ்பெயினிலிருந்து ஒரு குழு வயதானவர்களின் மூளையிலும் கண்டோம் என்றது. இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும் உங்கள் கீர்த்தனைக்கு ஒன்றும் ஆகாது. இருக்கிற செல்களுக்கு நடுவே இணைப்புகள் மாறிப் பலப்படுவதால்தான் நாம் முக்கியமாகக் கற்றுக்கொள்கிறோம், அது 61 வயதில் நிற்பதில்லை. வேகம் குறையும், உண்மைதான்.

காளான் பவுடரை நிறுத்துங்கள். மனித மூளையில் அது செல் வளர்க்கும், மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். பெற்றவருக்கு 78 வயதில் வந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு ஓரளவு கூடும், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. உங்கள் கையில் இருப்பவை சர்க்கரை, ரத்த அழுத்தம், நடை, தூக்கம். காது மந்தமாக இருந்தால் அதையும் கவனியுங்கள்.

இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் போங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் அந்தப் பவுடர் டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கூடவே வீட்டில் இருக்கும் ஒருவரையும் அழைத்துப் போங்கள். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறீர்களா, கணக்கில் தவறுகிறீர்களா, பழகிய சமையலில் வரிசை மாறுகிறதா என்பதெல்லாம் உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். பி12, தைராய்டு, சர்க்கரை, ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். வழி தெரியாமல் நின்ற அன்று வாய் குளறியதா, ஒரு கை சோர்ந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இனி அப்படி வந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது பக்கவாதமாக இருக்கலாம்.

பாட்டு வகுப்பை விடாதீர்கள். நோட்டைப் பார்த்துப் பாடினால் குறைந்துபோக மாட்டீர்கள். ராத்திரி மாத்திரையை நிறுத்திய பிறகும், சர்க்கரையும் பி12-ம் சரியாக இருந்தும், இன்னொரு முறை தெரிந்த இடத்தில் திசை குழம்பினால் நரம்பியல் டாக்டரைப் பார்க்க ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.