கேள்வி – பதில்: பழைய வலையில் கிறிஸ்துமஸ் மரம்

கேள்வி: கழித்த மீன்வலை, பனையோலை கொண்டு தெருமுனையில் 8 அடி மரம் செய்தோம். இரண்டே நாளில் சாய்ந்தது; கட்டுக்கம்பியும் துருவேறியது. ஏன்?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வாடைக்காற்றைக் குறை சொல்லாதீர்கள். வலையை மடித்து மடித்துச் சுற்றினால் அது பாய்மரப் பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும். ஒரே சுற்றுப் போதும். அடிவளையம் 4 அடி அகலம் என்றால் சுமார் 52 சதுர அடி வலை பிடிக்கும். நடுவில் 10 அடி சவுக்குக் கழி. 2 அடி மண்ணுக்குள் இறங்கட்டும். நம்மூர் மணல் இளகல், ஆகவே முக்கால் உயரத்திலிருந்து மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுங்கள்.

துருவுக்குக் காரணம் வலையில் ஊறிய உப்பு. அது ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கம்பிக்குப் பதில் நைலான் நூலால் முடியுங்கள்.

பச்சை ஓலை காய்ந்து சுருங்கினால் கட்டு தளரும். நிழலில் உலர்த்தி, மடிக்கும் முன் தண்ணீர் தெளித்தால் ஒடியாது.

வலையின் கீழ் ஓரம் தொங்க வேண்டாம், ஆட்டுக்குட்டி சிக்கும். அலங்காரத்துக்குச் சிப்பி போதும். பவளமும் கடல்விசிறியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை.