எலியின் நடை மட்டும் போதுமா?

கேள்வி: என் அண்ணனுக்குக் கில்லியன் பாரே நோய் (உடலின் நோயெதிர்ப்பே நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைத் தளரவைக்கும் நோய்) வந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். முதலில் எடுத்த நரம்புச் சோதனையில் பெரிதாக ஒன்றும் தெரியாததால் சில நாள் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இந்நோயை ஆராய்வதற்காக இதே சோதனையை எலிகளுக்கும் செய்கிறார்களாமே? எலி காலை இழுத்து நடப்பதைக் கண்ணால் பார்த்தாலே போதாதா?
- வாசகி, தக்கலை

பதில்: போதாது. 1955-இல் வாக்ஸ்மேன், ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் நரம்புத் திசுவை, நோயெதிர்ப்பைக் கிளறும் துணைப்பொருளோடு முயல்களுக்கு ஊசியாகச் செலுத்தி, கில்லியன் பாரேயை ஒத்த நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். பிற்பாடு இதற்கு லூயிஸ் இன எலிகளே அதிகம் பயன்பட்டன. ஊசி போட்டுச் சுமார் 10 நாளில் வாலின் நுனி தொய்யும், பின்னங்கால்கள் தளரும், பல எலிகள் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடும். இந்தத் தளர்ச்சிக்கு மதிப்பெண் போடும் வழக்கம் உண்டு. ஆனால் நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை உரிந்தாலும், உள்ளிருக்கும் இழையே அழிந்தாலும் கால் ஒரே மாதிரிதான் தொய்யும். முன்னது விரைவில் சீராகக்கூடியது, பின்னது மெதுவாகத்தான் தேறும் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

அதற்காக, எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாகக் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பை இடுப்பருகிலும் கணுக்காலிலும் தனித்தனியே மின்சாரத்தால் தூண்டி, பாதத் தசையில் எழும் அலையைப் பதிவு செய்கிறார்கள். இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். உறை கெட்டிருந்தால் வேகம் குறையும், அலை சிதறி அகலும்; கணுக்காலில் தூண்டும்போது நன்றாக எழும் அலை, இடுப்பில் தூண்டும்போது சிறுத்துவிட்டால் நடுவே தடை இருக்கிறது என்று பொருள். இழை அழிந்திருந்தால் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, இரண்டு இடத்திலும் அலை சிறுக்கும்.

எலியிலும் மனிதரிலும் இந்நோய் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு வேர்களை முதலில் தாக்கக்கூடும் என்பதால், தொடக்கத்தில் கீழ்ப்பகுதி அளவுகள் இயல்பாகவே இருக்கலாம். தண்டுவடம் வரை போய்த் திரும்பும் எஃப் அலையைப் பார்ப்பதும், உங்கள் அண்ணனுக்குச் செய்ததுபோல் சோதனையைத் திரும்ப எடுப்பதும் இதனால்தான்.

இதில் ஏமாற்றும் விஷயங்கள் இரண்டு. இடைத்தூரம் 40 மில்லிமீட்டராக இருக்கையில் 4 மில்லிமீட்டர் பிசகினால் வேகத்திலும் பத்து சதவீதம் பிசகும். அதைவிட மோசமானது குளிர்ச்சி: மயக்கத்தில் எலியின் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்த நரம்பு நோயில்லாமலேயே மெதுவாகக் கடத்தும். காலின் வெப்பநிலையைக் குறிப்பிடாத ஆய்வில் வேகம் குறைந்தது என்று எழுதியிருந்தால், நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை.