ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது, மறந்துவிடச் சொல்லலாமா?

குடியாத்தத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2021 மே மாதம் கொரோனாவில் அவருடைய கணவரின் அண்ணன் போய்விட்டார், ஆக்சிஜன் படுக்கைக்கு வேலூரில் அலைந்தது கணவர்தான், கடைசியில் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. இன்றும் சைரன் கேட்டால் கணவருக்குக் கை நடுங்குகிறதாம், ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாராம், கடைக்கு லுங்கிக் கட்டு கொடுக்கப் போனாலும் ஆற்காடு ரோட்டை விட்டுச் சுற்றித்தான் போகிறாராம். "மறந்துடுங்கன்னு சொல்லிப் பார்த்தோம், மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு, வேற என்ன செய்யறது?"

கயிறு இருக்கட்டும். "மறந்துடுங்க" என்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள், மறக்க முடிந்தால் அவர் எப்போதோ மறந்திருப்பார். ஆபத்தில் உடம்பு பதறுவது இயல்பு, பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் பழைய காட்சி கண்முன் ஓடி, தூக்கம் கெட்டு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு, அந்த இடத்துப் பக்கமே போக முடியாமல் பிழைப்பும் கெடுகிறது என்றால் பி.டி.எஸ்.டி.யாக, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பாக, இருக்கலாம். மனத்திடம் இல்லாதவருக்குத்தான் இது வரும் என்பது சும்மா பேச்சு.

சிக்கலே அந்தச் சுற்றுவழியில்தான் இருக்கிறது. சுற்றிப் போனால் அன்றைக்கு நிம்மதி, ஆனால் அந்த ரோட்டில் போனாலும் இப்போது ஒன்றும் ஆகாது என்று உடம்பு தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. அதற்காக நாளைக்கே அவரை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிடாதீர்கள்! பயிற்சி உள்ள ஒருவர் அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைத்து, பிறகு இடத்துக்கும் பழக்குவார், பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் ஆகும். தேவைப்பட்டால் டாக்டர் செர்ட்ரலின் போன்ற மாத்திரை தருவார், பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். குடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், தூக்கத்துக்காகப் போடுகிற குவார்ட்டர் இதை மோசமாக்கும்.

வீட்டில் சைரன் கேட்டு அவர் பதறினால் அறிவுரை வேண்டாம். காலைத் தரையில் அழுத்தி வைக்கச் சொல்லி, "நாம வீட்லதான் இருக்கோம், இது அந்த மே மாசம் இல்ல" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அண்ணனைப் பற்றி அவராகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் என்றால் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு இருக்கிறது, வீட்டு ஆளையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது அங்கே வெகுகாலமாக உள்ள வழக்கம். "நானும் அண்ணனோடயே போயிருக்கலாம்" என்கிற மாதிரி பேச்சு வந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். முதல் தடவை நீங்களும் கூடவே உள்ளே போங்கள், ராத்திரி மூன்று மணிக் கதையை அவர் வாயால் டாக்டரிடம் சொல்லமாட்டார்.