தீபாவளித் துண்டறிக்கையில் கியூஆர் குறியீடு: எந்தப் பேட்டையிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். சிங்கப்பூரில் தேக்காவில் புடவைக் கடை, ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளுக்குத் துண்டறிக்கை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேட்டைக்கும் ஒரே குறியீட்டை அடித்துவிடாதீர்கள். இடத்துக்கு ஒன்று வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நிலையான குறியீட்டில் உங்கள் இணைய முகவரி அப்படியே பதிந்திருக்கும். அச்சான பிறகு மாற்ற முடியாது. மாற்றத்தக்க குறியீட்டில் இருப்பது இடைவழி முகவரி. கைப்பேசி முதலில் அந்தச் சேவையின் சர்வருக்குப் போகும். அது நேரம், கைப்பேசி வகை, உத்தேச இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உங்கள் பக்கத்துக்கு அனுப்பிவைக்கும். ஆள் யார் என்பது தெரியாது. சந்தா நின்றால் சில சேவைகளில் குறியீடும் வேலை செய்யாது, நிபந்தனையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். செலவு வேண்டாமென்றால் நிலையான குறியீட்டின் முகவரியில் பேட்டைக்கு ஒன்றாக யுடிஎம் ஒட்டு (எங்கிருந்து வந்தார்கள் என்று காட்ட முகவரியின் கடைசியில் சேர்க்கும் சொற்கள்) சேர்த்தால் போதும், உங்கள் பக்கத்தில் இணைத்திருக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற வருகைக் கணக்குக் கருவி பேட்டைவாரியாகப் பிரித்துக் காட்டும்.

குறியீடு குறைந்தது 2 செ.மீ. இருக்கட்டும், சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். தீபாவளி என்றாலே தங்க நிறத்தில் அடிக்க ஆசை வரும். பளபளப்பில் கேமரா திணறும், வெள்ளையில் கறுப்பே நல்லது.

கியூஆர் மோசடி பற்றி இங்கே காவல்துறை எச்சரித்திருக்கிறது. தயங்குபவர்களுக்காகக் கடைப் பெயரையும் இணைய முகவரியையும் குறியீட்டுக்குக் கீழே எழுத்தில் போடுங்கள். பெயர், கைப்பேசி எண் கேட்டால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி காரணம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஸ்கேன் செய்தவரெல்லாம் வாங்கிவிடுவதில்லை. திறக்கும் பக்கத்தில் பேட்டைக்கொரு தள்ளுபடிச் சொல் கொடுத்து, கல்லாவில் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.