மென்பொருள் துறைக்கு எப்படி வந்தீர்கள்? வேலைக்கு வெளியே உங்களுக்கு எதில் ஆர்வம்?

என்னிடம் பெரிய திட்டமெல்லாம் எதுவும் இருந்ததில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளமா, பிறகு தேசிய சேவை, அப்புறம் பகலில் வேலை, இரவில் பட்டப்படிப்பு. சிங்கப்பூரில் நிறையப் பேருடைய கதை இதுதான், அதனால் நீட்டவில்லை.

சுவாரசியம் முதல் வேலையில்தான் தொடங்கியது. துவாஸ் பக்கம் ஒரு சரக்கு நிறுவனம். ஒவ்வொரு கன்டெய்னர் மேலும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம் எழுதியிருக்கும், அதில் கடைசி இலக்கம் மற்ற பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. எழுத்துகளுக்கு 10-லிருந்து வரிசையாக மதிப்பு கொடுப்பார்கள், ஆனால் 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிடுவார்கள். பிறகு இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம் (மீதி 10 என்றால் 0). இதைச் சரிபார்க்கும் நிரலை எழுதி முடித்துவிட்டேன், ஆனால் அந்த மூன்றை மட்டும் ஏன் விட்டார்கள் என்பது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. 11-ன் மடங்கை எதனால் பெருக்கினாலும் மீதி பூஜ்யம்தானே, அப்படி ஒரு எழுத்து இருந்தால் கணக்கில் அது இருப்பதே தெரியாது! இதைப் பிடித்த பிறகு நம் அடையாள அட்டையின் கடைசி எழுத்து எப்படி வருகிறது என்று தேட ஆரம்பித்தேன், அங்கேயும் 11-தான்.

அடுத்த வேலையில் தமிழ்ப் பெயர்கள் வந்தன. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'கோவிந்தசாமி' நம் கண்ணுக்கு ஆறெழுத்து, கணினிக்கு 11 குறியீடு, 33 பைட். யாரோ ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து ஒதுக்கிய 30 பைட்டில் அவர் 'கோவிந்தசாம' என்று நின்றார். இதற்கு வழி தேடியபோது கண்ணில் பட்டவரும் ஒரு கோவிந்தசாமிதான். நா. கோவிந்தசாமி நம் ஊர்ச் சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் கற்பித்தவர், இணையத்தில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர், 1999-ல் காலமானார். 1997-ல் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு நடந்ததும் 2000-ல் அதே துறைக்கான உத்தமம் அமைப்பு தொடங்கப்பட்டதும் இங்கேதான். இவ்வளவும் நடந்த ஊரில் வளர்ந்துவிட்டு இது எதுவுமே தெரியாமல் டிப்ளமா வாங்கியிருக்கிறேன் பாருங்கள்.

தமிழ் எழுத்துகளுக்கு அப்போது இருந்த திஸ்கி என்ற குறியீட்டு முறையில் 'கெ' என்பதைக் கண்ணில் படும் வரிசையிலேயே சேமித்தார்கள், முதலில் கொம்பு, பிறகு க. இன்று எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். அதனால் பழைய கோப்புகளை மாற்றும்போது குறியீட்டுக்குக் குறியீடு பதிலிட்டால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். 'கொ' இன்னும் வேடிக்கை, கொம்பும் காலும் தனித்தனியாக வந்து க-வை நடுவில் வைத்திருக்கும், யூனிகோடில் இரண்டும் சேர்ந்து ஒரே குறியீடாகிவிடும். இதற்கு ஒரு மாற்றி எழுதினேன், அலுவலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதெல்லாம் வேலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் உதவாது. வேலைக்கு வேண்டியதை வேலை நேரத்திலேயே படித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பயிற்சி வகுப்புகளுக்காக அரசாங்கம் கொடுத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் ஒரு கிளவுட் வகுப்புக்குப் போனேன், அங்கே படித்தது ஒன்றும் நினைவில் இல்லை, நாற்காலி நன்றாக இருந்தது.

இப்போது தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் படிக்கிறேன் (1935-ல் தொடங்கிய பத்திரிகை). அதில் ணை, லை, னை எல்லாம் பழைய வளைந்த கொம்போடு இருக்கும், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி அந்த இடங்களில் கண்டதையும் படித்து வைக்கிறது. அந்த எழுத்துகளை வெட்டியெடுத்துத் தனியாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டெசராக்ட் என்ற எழுத்துணரியில் இதை யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள், அதே போலப் பழைய வடிவில் இருக்கும் றா-வும் னா-வும் இன்னும் சரியாக வரவில்லை.